உச்சிவெயிலில் அணைத்த விளக்கு

அண்ணாமலையாரே ஒருநாள் வேட்டி சட்டையோடு வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாலும், "கொஞ்சம் இருங்க, கோயில்ல இருக்கிறதோட ஒரு தடவை கம்பேர் பண்ணிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்து வந்த பிறகுதான் கும்பிடுவார். மூலத்தைப் பார்க்காமல் உலகத்தில் எதையும் நம்பாத ஒரே ஆத்மா. அவர் என் சிநேகிதர். பெயர் கம்பேர் சார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் வரும். எங்கள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் நகல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பழைய ஆவணத்துக்கு நகல் கேட்டு மனு வந்தால், அதை டைப் செய்து, மூலத்தை ஒருவர் உரக்க வாசிக்க, நகலை இன்னொருவர் சரிபார்ப்பார். கடைசியில் 'ஒப்பு நோக்கியவர்' என்ற இடத்தில் கையெழுத்து விழ வேண்டும். முப்பது வருஷமாக அந்த இடத்தில் விழுவது இவருடைய கையெழுத்து. அவர் கையெழுத்துப் போட்ட நகல் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. எங்கள் பிரிவுக்கு ஜெராக்ஸ் மெஷின் வந்த அன்றைக்கு, "இனிமே உங்களுக்கு வேலை கம்மி சார்" என்றேன். அவர் மெஷினைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மனுஷன் தப்பு பண்ணா மூஞ்சில தெரியும் சார். இதுக்கு மூஞ்சே இல்லையே."

அன்றிலிருந்து ஜெராக்ஸ் காப்பியையும் வரி வரியாக மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் அனுப்புகிறார்.

அலுவலகத்தோடு இது நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது. அவருடைய எதிர் வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனவர் இரண்டு தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல மூலம் எதுங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் குழந்தைகளின் அம்மா இன்றுவரை இவர் தலை தெரிந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

ஒருநாள் அவரோடு ஹோட்டலுக்குப் போனேன். கரும்பலகையில் 'இட்லி, மூன்று வகைச் சட்னி' என்று எழுதியிருந்தது. இலையில் இரண்டுதான் விழுந்தது.

"ஒண்ணு விடுபட்டிருக்குதே" என்றார் கம்பேர் சார்.

"காரச் சட்னி தீந்துபோச்சுங்க" என்றார் பரிமாறியவர்.

"தீந்துபோனா தப்பில்ல. பலகையில மூணை அடிச்சிட்டு, ரெண்டுன்னு எழுதி, பக்கத்துல சுருக்கொப்பம் போடணும்."

பரிமாறியவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை, இட்லியையும் தொடவில்லை. கடைசியில் முதலாளியே எழுந்து சாக்பீஸோடு போய், மூன்றை அடித்து இரண்டாக்கி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். ஹோட்டல் முழுக்க எங்களைப் பார்த்தது. நான் தண்ணீர் டம்ளருக்குள் முகத்தை ஒளிக்கப் பார்த்தேன். டம்ளர் சின்னதாக இருந்தது. அவர் நிம்மதியாக இட்லியைப் பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிரிவலம் போனோம். அடி அண்ணாமலையில் எதிரெதிரே இரண்டு டீக்கடை. ஒரு பலகையில் 'அடி அண்ணாமலை' என்று இடம்விட்டு எழுதியிருந்தது. இன்னொன்றில் சேர்த்து எழுதியிருந்தது. கம்பேர் சார் நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. சிலர், ஏதோ சந்நிதி போலிருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டும் போனார்கள்.

"இதுல எது மூலம், எது நகல்?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"இன்னா சார் இது வம்பா இருக்குது? ரெண்டு கடையிலயும் டீ ஒண்ணுதான். உக்காருங்க" என்றார் அவர்.

இப்படிப்பட்ட மனிதரின் கையில் என் மானம் போய் மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதினேன். தலைமுறை தலைமுறையாக எல்லாரும் கொண்டாடும் ஒரு நாவலையும், அதிலிருந்து எடுத்த இரண்டு படங்களையும் ஒப்பிட்டு. நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடக் கிளம்பிவிடுவீர்கள். எனக்கு ஒரு கம்பேர் சாரே ஜாஸ்தி. கதை இவ்வளவுதான். தேவகி என்கிற பெண், ஊருக்கு வந்த பள்ளிக்கூட வாத்தியார்மேல் ஆசை வைக்கிறாள். அவருக்கு மாற்றல் வருகிறது. அவர் பஸ் ஏறிப் போய்விடுகிறார். இதைப் பாட்டே இல்லாமல் ஒருவர் படம் எடுத்தார். அதில் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள். அதை அழுகைப் படம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் எட்டுப் பாட்டுப் போட்டு எடுத்தார். அது பாட்டுப் படம்.

அழுகைப் படமே நாவலுக்கு உண்மையானது, பாட்டுப் படம் வெறும் வியாபாரம் என்று அடித்துச் சொன்னது என் கட்டுரை. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன்? அழுகைப் படத்தில் பாதியில் தூங்கிவிட்டேன். தூக்கம் வந்ததால் அது இலக்கியம் என்று தீர்மானித்தேன். பாட்டுப் படத்தை மூன்று தடவை பார்த்தேன். எனக்கே பிடித்துப்போனதால் அது வியாபாரமாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினேன். நாவலை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நாவலைத்தான் நான் படிக்கவில்லை.

படிக்கவில்லை என்றால் சும்மா இருந்திருக்கலாம். கட்டுரையின் முடிவில் ஒரு வரி போட்டேன். 'வாத்தியார் போகும் பஸ் தெருமுனையில் திரும்பும்போது தேவகி வாசல் விளக்கை ஊதி அணைக்கிறாள். அந்த ஒரே வாக்கியத்தில் நாவலாசிரியர் ஒரு வாழ்க்கையையே அணைத்துவிடுகிறார்.' எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. அந்த வரிக்குத்தான் வாசகர் கடிதங்கள் வந்தன. அந்த வரியைப் பார்த்துத்தான் இந்த வாராந்தரப் பத்தியை எனக்குக் கொடுத்தார்கள். அந்த வரியால்தான் எனக்குக் கல்யாணமும் ஆனது.

கீழ்பென்னாத்தூரில் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண் மலர்விழி, தமிழாசிரியை. காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டாள்: "உங்க கட்டுரை படிச்சேன். அந்த நாவலை நீங்க படிச்சிருக்கீங்க இல்ல?"

"மூணு தடவை" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் கவிழ்ந்தேன். அடுத்த மாதமே கல்யாணம். கூடவே நாவலும் சீதனமாக வீட்டுக்கு வந்து அலமாரியில் உட்கார்ந்துகொண்டது. மலருக்கு உயிர் அந்தப் புத்தகம். இருபது வருஷமாக அதை நான் தொட்டதில்லை. எடுத்துப் படித்தால், முதல் தடவை படிக்கிற ஆளின் மூஞ்சி அவளுக்குத் தெரிந்துவிடும். படிக்காவிட்டால் என்றைக்காவது அவள் ஏதாவது கேட்கும்போது மாட்டிக்கொள்வேன். தூசி தட்டும்போதுகூட அந்த அலமாரியை மட்டும் விட்டுவிடுவேன்.

போன வருஷம் எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தின் செயலாளருக்கு இலக்கியம் பிடித்துக்கொண்டது. 'ஒரு நாவலும் இரண்டு படங்களும்' என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம், பேச்சாளர் நான். என் பழைய கட்டுரையையே டைப் செய்து எல்லாருக்கும் கொடுப்பது என்று ஏற்பாடு. குறும்புக்காக அதன் அடியில் 'ஒப்பு நோக்கியவர்' என்று ஓர் இடமும் விட்டு, "எழுத்துப் பிழை மட்டும் பாருங்க சார்" என்று கம்பேர் சாரிடம் கொடுத்துவிட்டார் செயலாளர்.

இரண்டு நாள் கழித்து என் மேஜைக்கு வந்தார் கம்பேர் சார்.

"டைப் பண்ணதை உங்க கட்டுரையோட பாத்துட்டேன். ரெண்டு ஒற்று விடுபட்டிருந்தது, போட்டுட்டேன்."

"ரொம்ப நன்றி சார். கையெழுத்துப் போட்டுடுங்க."

"எப்படிப் போடறது? இந்த நகலுக்கு மூலம் உங்க கட்டுரை. உங்க கட்டுரைக்கு மூலம் நாவல். தாய்ப் பத்திரத்தைப் பாக்காம நான் எப்ப சார் கையெழுத்துப் போட்டிருக்கேன்?"

நாவல் இப்போது எங்கும் கிடைப்பதில்லை என்றேன். அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்து மலரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கூடவே என்னையும் கேட்டு வாங்கினார். "ஒருத்தர் படிக்க ஒருத்தர் பாக்கணுங்க. மூணு சனிக்கிழமை சாரை அனுப்பி வைங்க."

"தாராளமா கூட்டிட்டுப் போங்க. அவருக்குத் தெரியாததா? மூணு தடவை படிச்சவரு" என்றாள் மலர். மறுபடியும் அதே சிரிப்பு.

வேங்கிக்காலில் அவருடைய புது வீட்டு மாடியறையில் லேப்டாப்பில் படம் ஓடும். நான் நாவலை உரக்கப் படிக்க வேண்டும். அவர் படத்தை நிறுத்தி நிறுத்தி, நீள நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் குறித்துக்கொள்வார்: விடுபட்டது, சேர்த்தது, திருத்தியது. முதல் பக்கத்திலேயே என்னை நிறுத்தினார்.

"கமா, புள்ளி எல்லாம் சொல்லணும் சார்."

"நாவலுக்குமா?"

"நாவல்னா மட்டும் புள்ளி வேணாமா?"

ஆகவே, தமிழின் மகத்தான காதல் காட்சி ஒன்றை நான் முதன்முதலாகப் படித்தது இப்படித்தான்: "தேவகி கமா என்னை மறந்துவிடு புள்ளி புள்ளி புள்ளி. மறப்பதா கேள்விக்குறி. எப்படி ஆச்சரியக்குறி." காபி கொண்டுவந்த அவருடைய மனைவி, டம்ளரை வைத்துவிட்டு அவசரமாக வெளியே போய்ச் சிரித்தார்.

இரண்டாவது சனிக்கிழமை, ஆற்றங்கரையில் தேவகி வாத்தியாரைப் பளாரென்று அறைந்துவிட்டாள். பாட்டுப் படத்தில் வரும் அந்த அறை சினிமாக்காரர்கள் சேர்த்தது என்றே நினைத்திருந்த நான், நாவலில் அதை எதிர்பார்க்கவே இல்லை. "ஐயையோ!" என்று கத்திவிட்டேன்.

கம்பேர் சார் படத்தை நிறுத்தினார். "அது மூலத்துல இருக்குதா, நீங்க சொன்னதா?"

"நா... நான் சொன்னது."

"மூணு தடவை படிச்சீங்களே. மூணு தடவையும் ஐயையோன்னீங்களா?"

கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குள் எனக்கு அந்த நாவல் பிடித்துப்போயிருந்தது. சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். வெட்கம் ஒரு பக்கம், இருபது வருஷமாக இதை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் ஒரு பக்கம்.

கணக்குப்படி முதலில் சரிந்தது அழுகைப் படம். எல்லாரும் நாவலை அப்படியே எடுத்த படம் என்று தலையில் தூக்கி வைத்து ஆடியது அதைத்தான். அதில் தேவகிக்குத் தங்கையே கிடையாது. ஆற்றங்கரை அறை கிடையாது. முடிவில் தேவகி கிணற்றில் விழுந்து செத்துவிடுகிறாள். கம்பேர் சார் நாவலின் கடைசிப் பக்கத்தை முன்னாலேயே பார்த்து வைத்திருந்தார். அதில் அவள் சாகவில்லை. கறவை மாடு ஒன்று வாங்குகிறாள்.

"மூலத்துல மாடு. நகல்ல பாடை" என்றார் கம்பேர் சார். அவருக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது. "மாடு வாங்கிப் பொழச்சிக்கிட்ட பொம்பளையைக் கொன்னுட்டாங்களே சார். இது என்ன நியாயம்?"

"பாட்டுப் படத்துல?"

"மாடு வருது. ஆனா ஆடுது."

பாட்டுப் படத்தில், அவர் கணக்குப்படி, சேர்த்தது எக்கச்சக்கம். எட்டுப் பாட்டு, ஒரு சோதிடர், இரண்டு சண்டை, வாத்தியாருக்கு ஒரு மோட்டார் சைக்கிள். ஆனால் விடுபட்டது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. தங்கை இருந்தாள். அறை இருந்தது, அதைத் தொடர்ந்து ஒரு பாட்டும் இருந்தது.

"நீங்க எழுதினது தலைகீழ் சார்" என்றார். "பாட்டுப் படத்துல சேத்தது ஜாஸ்தி, விட்டது கம்மி. சேத்ததை அடிச்சிட்டா மூலம் அப்படியே அடியில இருக்கும். விட்டுட்டா எங்க போய்த் தேடறது?"

சினிமாவைப் பற்றி நான் இருபது வருஷமாக எழுதியதை எல்லாம் பிழிந்தாலும் இவ்வளவு நல்ல வாக்கியம் ஒன்று வராது. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை கடைசி அத்தியாயம். நான் படித்தேன். "பஸ் தெருமுனையில் திரும்பிற்று புள்ளி. உச்சிவெயில் கண்ணைக் கூசிற்று புள்ளி. தேவகி கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள் புள்ளி. பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள் புள்ளி."

நான் புத்தகத்தை மடியில் வைத்தேன். ஒரு சொம்பு தண்ணீர். என் விளக்கெல்லாம் அதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

கம்பேர் சார் என் கட்டுரையைக் கையில் எடுத்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். சுவர்க் கடிகாரத்தை ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை, பார்த்தார்.

"சார், மூலத்துல நேரம் மத்தியானம் பன்னெண்டு. மத்தியானத்துல எதுக்கு சார் விளக்கு?"

விளக்கு பாட்டுப் படத்தில் வருவது. ஆறாவது பாட்டு முடியும்போது, சாயங்காலம், சேலை பறக்க, ஊதி அணைப்பாள். நான் உண்மையைக் கக்கிவிட்டேன். நாவல் படிக்காதது, மூன்று தடவை என்று பெண் பார்க்கும்போது சொன்னது, மலர் இன்னும் அதை நம்பிக்கொண்டிருப்பது, எல்லாம். அவர் நோட்டை மூடினார்.

"அப்ப உங்க கல்யாணத்துக்கே தாய்ப் பத்திரத்துல வில்லங்கம்."

"சார், மலருக்கு மட்டும் தெரியக் கூடாது. இருபது வருஷம் சார். பொய்யன்னு ஆயிடுவேன்."

"பிழைதிருத்தல் பத்திரம் ஒண்ணு போட்டுடுங்க. எவ்வளவோ குடும்பம் போட்டிருக்குது. நீங்களே சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு."

"முடியாது சார். நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க, போதும்."

"தப்பான நகல்ல நான் போட மாட்டேன் சார். நானா போய் யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். ஆனா கேட்டா சொல்லிடுவேன்."

எவ்வளவு கெஞ்சியும் அதிலிருந்து ஓர் அங்குலம் இறங்கவில்லை. ஆகவே கட்டுரை அப்படியே அச்சானது. அடியில் 'ஒப்பு நோக்கியவர்' என்ற இடம் காலியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் நல்ல கூட்டம். மெதுவடை, டீ. மலர் முதல் வரிசை. கம்பேர் சார் கடைசி வரிசையில் ஜன்னலோரம். யாரும் அவரைக் கேட்டுவிடக் கூடாதே என்று மலை இருந்த பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். விளக்கு என்ற சொல் வாயில் வராமல் ஒரு மணி நேரம் பேசினேன். ஜாக்கிரதைக்காக 'விளக்கம்' என்ற சொல்லையும் தவிர்த்தேன். கைதட்டினார்கள். கேள்வி உண்டா என்று செயலாளர் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. எல்லார் கண்ணும் வடைமேல். தப்பித்தோம் என்று உட்காரப் போனேன்.

மலர் எழுந்தாள்.

"என் கேள்வி பேச்சாளருக்கு இல்லைங்க. கம்பேர் சாருக்கு." கையிலிருந்த தாளைத் தூக்கிக் காட்டினாள். "இங்க ஒப்பு நோக்கியவர்னு போட்டிருக்குது, கையெழுத்தைக் காணோம். நீங்க நாவலோட ஒப்பிட்டுப் பாத்தீங்க இல்ல? இந்தக் கட்டுரையில எல்லாம் சரியா இருக்குதா சார்?"

நான் மறுபடியும் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கம்பேர் சார் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். மலரைப் பார்த்தார். மேடையில் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாக ஒரு நகல்கூடத் தப்பாகப் போகாத மனிதர்.

"பாத்தேங்க" என்றார். "மூலத்தோட ஒப்பிட்டுப் பாத்தேன். சரியா இருக்குதுங்க."

நடந்து முதல் வரிசைக்கு வந்தார். மலர் கையிலிருந்த தாளை வாங்கி, நாற்காலி முதுகில் வைத்து, அந்தக் காலி இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வடை சாப்பிடாமல் வெளியே போய்விட்டார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது நான் உற்சாகமாக ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, உச்சிவெயில்ல விளக்கை அணைச்ச ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

ஸ்கூட்டர் தானாக நின்றது.

"உனக்கு... எப்பலருந்து தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னிக்கே. கட்டுரை படிச்சதுமே தெரியும். அதனாலதானே கேட்டேன், படிச்சிருக்கீங்களான்னு."

"தெரிஞ்சும் ஏன் ஒத்துக்கிட்ட?"

"அதுக்கு முன்னாடி அஞ்சு பேரு வந்தாங்க. எல்லாரும் சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமான்னுதான் கேட்டாங்க. நான் கேட்ட கேள்விக்கு, புத்தகம் படிச்சிருக்கேன்னு பொய் சொல்றதுக்காவது ஒரு ஆளு வந்துதேன்னு நெனச்சேன்."

நடுரோட்டில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு விலகிப் போனது.

"அப்ப இன்னிக்கு ஏன் அவரை எழுப்பிக் கேட்ட?"

"இருபது வருஷமா நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன், சொல்லல. அவர் வாயாலயாவது வரட்டும்னு கேட்டேன். அந்த மனுஷன் போய் உங்களுக்காகப் பொய் சொல்லுவாருன்னு யாருக்குத் தெரியும்? எனக்கு மனசே சரியில்லைங்க. நாளைக்குப் போய்ப் பாருங்க."

திங்கட்கிழமை கம்பேர் சார் அலுவலகத்துக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லியிருந்தார். மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். மாடியறையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'தப்பாகக் கையெழுத்திட்ட நகல்: ஒன்று.'

மலருக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும் என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"தெரியுமா? அப்ப நான் சொன்னது யாருக்குமே உபயோகம் இல்லையா?" என்று எழுந்துவிட்டார். "முப்பது வருஷத்துல ஒரே ஒரு பொய்யி சார். அதுவும் வீணாப் போச்சா?"

"ஏன் சார் சொன்னீங்க? கேட்டா சொல்லிடுவேன்னு சொன்னீங்களே."

நோட்டைப் புரட்டினார். அந்த வரிக்கு அப்புறம் அதில் வெறும் தாள்தான்.

"மைக்கைப் பிடிச்சிட்டு நின்னீங்க இல்ல. உங்க மூஞ்சியப் பாத்தேன். பாக்காம இருந்திருக்கணும்" என்றார். பிறகு, "அந்தத் தாளை மட்டும் வீட்ல வாங்கிக் குடுத்துடுங்க சார். அடிச்சுடறேன்."

மலர் கொடுக்கவில்லை. அந்தத் தாள் நாவலுக்குள், தேவகி தண்ணீர் குடிக்கும் பக்கத்தில் இருக்கிறது. "அது என்கிட்டயே இருக்கட்டும். அவர் சொன்ன பிழைதிருத்தலை நீங்க போடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே இந்தக் கட்டுரையே அந்தப் பத்திரம். எழுதிக்கொடுப்பவர் நான். எழுதி வாங்குபவர்கள் என் மனைவியும் நீங்களும். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியதில் 'தேவகி வாசல் விளக்கை ஊதி அணைக்கிறாள்' என்று தவறாகக் கண்டிருப்பதை, 'தேவகி ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிறாள்' என்று படித்துக்கொள்ளவும். அழுகைப் படத்தைப் புகழ்ந்திருக்கும் இடங்களில் எல்லாம், நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று படித்துக்கொள்ளவும். நாவலை இப்போது நிஜமாகவே மூன்று தடவை படித்துவிட்டேன். கமா, புள்ளியோடு.

பத்திரிகைக்கு அனுப்புமுன் இதை அவரிடம்தான் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்தார். இரட்டைக் குழந்தை விஷயம், ஹோட்டல் விஷயம் எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி இருக்கிறது என்று விட்டுவிட்டார். முதல் பத்தியில் மட்டும் ஒரே ஓர் இடத்தில் பேனா வைத்திருந்தார். அவர் 'எனக்குத் தெரிந்தவர்' என்றுதான் நான் எழுதியிருந்தேன். அதை நேர்க்கோடு போட்டு அடித்து, மேலே பொடி எழுத்தில் 'என் சிநேகிதர்' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டிருந்தார்.

தாளின் அடியில், அவருடைய வழக்கமான கையெழுத்தில்: 'அடித்தல் ஒன்று, திருத்தல் ஒன்று. மூலத்துடன் ஒப்பு நோக்கப்பட்டது. சரியாக உள்ளது.'